வேதக்காரர் பேனாட்

ரொறன்ரோவில், மல்வேர்னில் இருக்கும் அந்தத் தமிழ்க் கடையில் குளிர்ப்பெட்டிகளைத் திருத்துகிற பேனாட்டிடம் ஊர் எது என்று கேட்பவர்கள், பதிலைக் கேட்டபின் இன்னும் குழம்பித்தான் போவார்கள்.

"கராச்சி" என்பார் அவர்.

"கராச்சியோ? பாகிஸ்தானோ? அப்ப நீர் முஸ்லிமோ?"

"இல்லண்ணே, என் பேரு பேனாட்."

"ஓ! அப்ப மன்னார் எண்டு சொல்லுமன்."

கேட்ட மீன் வெட்டுகிறவர், கிறிஸ்தவப் பெயர் என்றால் மன்னார்தான் என்று திருப்திப்பட்டுக் கத்தியை எடுத்துக்கொள்வார். அதே கடைக்கு ஆட்டிறைச்சி வாங்க வரும் லாகூர்க்காரர்கள் பேனாட்டின் உருதுவைக் கேட்டுவிட்டு, சிலோன்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் பாஷை பிடித்துவிடுகிறார்கள் என்று மெச்சுவார்கள். முதல் வருடம் இரண்டு பக்கத்தாருக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் எத்தனை தடவைதான் தன் பூட்டன் கதையைச் சொல்வான்?

பூட்டன் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வெள்ளைக்காரன் காலத்தில் கராச்சித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே கண்ணை மூடினார். நாடு இரண்டானபோது குடும்பம் நின்ற இடத்திலேயே நின்றது. வீட்டில் தமிழ், தெருவில் உருது, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில். மாதா கோயிலைப் பூட்டன் அப்படித்தான் சொல்வாராம். கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பாராம். அந்தச் சொற்கள் நாலு தலைமுறையாக அப்படியே அந்த வீட்டில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னது ஒரு மரியாதைக்கு. பேனாட் கோயிலுக்குப் போனது கிறிஸ்மஸுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும்தான். மற்ற ஞாயிறுகளில் அவர் மைதானத்தில் விக்கெட் கீப்பராக நின்றார்.

இந்த மனிதரைத்தான் மதத்துக்காகக் கொல்ல வந்தார்கள்.

கராச்சியில் அவருக்கு ஃபிரிட்ஜ் திருத்தும் கடை ஒன்று இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கையில் ஒட்டிய கிரீஸை ஒரு காகிதத்தில் துடைத்து வாசலில் எறிந்தார். அந்தக் காகிதத்தில் புனித வசனம் இருந்தது என்று ஒருத்தன் சொன்னான். அவன் சொன்னதை அடுத்தவன் சொன்னான். பிற்பகல் அசர் தொழுகை முடிவதற்குள் நானூறு பேர் சொன்னார்கள். காகிதத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. அது பேனாட்டின் மின்சார பில். எடுத்துக் காட்டலாம் என்றால் அதுவும் கடையோடு சேர்ந்து எரிந்துவிட்டது. தெருமுனையில் இருந்த வேதக்கோயிலும் எரிந்தது.

கூட்டம் பேனாட்டின் வீட்டு வாசலுக்கும் வந்தது. அங்கே மேல்மாடியில் ஹனீஃப் பாய் இருந்தார். ஐந்து வேளையும் தொழுகிறவர். நெற்றியில் தழும்பு விழுந்த மனிதர். பேனாட்டின் மனைவி கிளாராவையும் எட்டு வயது மகள் ஏஞ்சலாவையும் தன் வீட்டுப் பெண்களோடு உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்தினார். வீட்டைச் சோதிக்க வந்தால் பெண்கள் அறைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். ஆனால் ஆம்பிளையை அங்கே ஒளிக்க முடியாது. பின்கட்டில் ஒரு பெரிய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. பேனாட்டை அதற்குள் குந்தவைத்து, மேலே டேப் ஒட்டி, சாமான் ஏற்றும் ரிக்‌ஷா ஒன்றைக் கூப்பிட்டார். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. ஹனீஃப் பாய் கொஞ்சமும் யோசிக்காமல் கூட்டத்தில் நின்ற இரண்டு பேரைக் கைதட்டி அழைத்தார். அவர்களும் தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கைகொடுத்தார்கள். பேனாட்டைக் கொல்ல வந்தவர்கள் பேனாட்டைப் பத்திரமாக வண்டியில் ஏற்றிவிட்டு, பேனாட்டைத் தேடத் திரும்பிப் போனார்கள்.

எட்டு மாதம் கழித்து அவர் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். கிளாராவும் ஏஞ்சலாவும் ஊரின் மறுகோடியில், ஹனீஃப் பாயின் அக்கா வீட்டில், அக்காவின் புருஷன் வழிச் சொந்தம் என்று சொல்லி, முஸ்லிம் பெயர்களோடு இருந்தார்கள். இங்கே பேனாட்டை ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் பேனாட்டையே திருப்பி அனுப்புவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

அகதி விண்ணப்பத்தில் தாய்மொழி என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. எல்லாவற்றுக்கும் உண்மையை எழுதுங்கள் என்று லோயர் கீதன் சொல்லியிருந்தார். பேனாட் தமிழ் என்று எழுதினார். அதை வைத்துத்தான் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைப் போடுவார்கள். உருது என்று ஒரு பொய் எழுதியிருந்தால் மனுசன் தப்பியிருப்பார்.

விசாரணை வீடியோவில் நடப்பதாக இருந்தது. பேனாட் மல்வேர்னில் சண்முகலிங்கம் என்பவரின் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தார். அங்கே இன்ரநெற் இழுக்காது. சண்முகலிங்கத்தின் மனைவி கமலாம்பிகை, அறுபத்தைந்து வயது, கண்டிப்பும் இரக்கமும் ஒரே அளவில் உள்ள மனுசி, மேலே வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து பேசும்படி சொன்னார்.

"வடிவா முகம் கழுவிப்போட்டு வாரும் தம்பி. முக்கியமான காரியம்."

பேனாட் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கமலாம்பிகை சாமி அறைக்குள் போய், சாம்பிராணி காட்டி, ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து வந்து அவர் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். பேனாட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாடகை வீட்டுக்காரி ஆசையாகப் பூசுவதைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. வரும் தெய்வம் எதுவானாலும் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய முதுகுக்குப் பின்னால், கதவு திறந்த சாமி அறையில், வள்ளி தெய்வானையோடு முருகப்பெருமான் மயில்மேல் நின்றார். புகை மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

திரையில் பேனாட்டைத் தவிர மூன்று சதுரங்கள். ஒன்றில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற பெண்மணி, மெம்பர் என்பார்கள். இன்னொன்றில் கீதன். கீதன் இங்கேயே பிறந்த பிள்ளை. அவருக்குத் தெரிந்த தமிழ் "சாப்பிட்டீங்களா" வரைக்கும் வரும், அதற்கு மேல் மூச்சு வாங்கும். மூன்றாவதில் மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீநிதி, சென்னைக்காரர். ஆங்கிலம் அருவியாகக் கொட்டும். தமிழிலும் குற்றம் சொல்ல முடியாது, சென்னையில் இருக்கும்வரை.

எதற்காக உங்களைத் தாக்கினார்கள் என்று மெம்பர் கேட்டார்.

"நாங்க பரம்பரையா வேதக்காரங்கம்மா" என்றார் பேனாட். "அதனாலதான் எங்க வேதக்கோயிலையும் எரிச்சாங்க."

ஸ்ரீநிதி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இவர்கள் தலைமுறை தலைமுறையாக வேதங்களை ஓதி வருகிறவர்கள், அதனால் வேத முறைப்படி கட்டப்பட்ட இவர்களுடைய ஆலயத்தை எரித்தார்கள் என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

மெம்பர் கையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். மதம்: கிறிஸ்தவம் என்று இருந்தது. நிமிர்ந்து திரையைப் பார்த்தார். நெற்றியில் மூன்று கோடு, பின்னால் மயில், பக்கத்தில் புகை. மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இவர் உண்மையிலேயே வேதத்தைப் பின்பற்றுகிறவரா என்று கேளுங்கள்."

"ஐயா, நீங்க வேதத்தை நம்பறவர்தானே?" என்றார் ஸ்ரீநிதி.

பேனாட் நெஞ்சில் கைவைத்தார். "உயிரே போனாலும் வேதத்தை விட மாட்டேம்மா."

அதையும் ஸ்ரீநிதி ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே என்றார் மெம்பர். கோயிலில் இருந்த புத்தகத்தில் இருந்தது, கோயிலோடு எரிந்துவிட்டது என்றார் பேனாட். கோயில் எரிந்ததற்கு அத்தாட்சி? ஹனீஃப் பாய் அனுப்பிய படம் இருந்தது. கரிப்பிடித்த நாலு சுவர். இது கிறிஸ்தவ ஆலயம்தான் என்று எப்படித் தெரியும்? சிலுவையைக் காணவில்லையே? சிலுவையைத்தான் முதலில் உடைத்தார்கள் என்றார் பேனாட். மெம்பர் எழுதிக்கொண்டார். பிறகு, அவர் ஒளிந்திருந்த பெட்டியில் வந்த ஃபிரிட்ஜ் எத்தனை லீட்டர் என்று கேட்டார்.

விசாரணை ஆறு வாரம் தள்ளிப்போனது. அடுத்த முறை நேரில் வர வேண்டும், கிறிஸ்தவர் என்பதற்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

கீதன் உடனே போன் எடுத்தார். "அண்ணா, நீங்க ஹிண்டு எண்டு ரெக்கோர்டில போயிட்டுது. வை? வை டிட் யூ சே தற்?"

பேனாட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததைக் கமலாம்பிகையிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். "வேதக்காரங்க" என்ற இடத்தில் கமலாம்பிகை தலையில் கைவைத்தார்.

"ஐயோ தம்பி! வேதக்காரர் எண்டால் கிறிஸ்தவர் எல்லோ! எங்கட யாழ்ப்பாணத்தில சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பிள்ளை மெட்ராஸ் எண்டபடியால் ஐயர் ஓதுற வேதமாக்கும் எண்டு நினைச்சிட்டுது."

பிறகு அவருடைய பார்வை மெதுவாகப் பேனாட்டின் நெற்றிக்கு வந்தது. முகம் சுருங்கிவிட்டது.

"அதுக்கு மேல நான் வேற உதைப் பூசி விட்டிருக்கிறன்" என்று சொல்லி அழத் தொடங்கினார். நல்லது நினைத்துச் செய்த ஒன்று ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் விட்டுவிடுமோ என்று அந்த மனுசி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். கமலாம்பிகை படித்தது யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். சைவப் பிள்ளைகளும் மறைக்கல்வி வகுப்பில் பின்வாங்கில் இருந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டது ஐம்பது வருடமாகியும் தலைக்குள் அப்படியே இருந்தது. பேனாட் வேலையால் வந்ததும் மேசையில் இருத்தி, வெண்டைக்காய் வெட்டிக்கொண்டே, பத்துக் கட்டளையையும் பன்னிரண்டு சீடர்களையும் கேட்பார்.

"பேதுரு, யோவான், யாக்கோபு, தோமா..." பேனாட் விரல் மடிப்பார்.

"இன்னொரு யாக்கோபு இருக்கிறார். அவரை எப்பவும் விட்டிட்டுப் போறீர். பாவம் அந்தாள்."

இப்படியாக, மல்வேர்னில் ஒரு சைவக்காரி ஒரு கிறிஸ்தவரைக் கிறிஸ்தவராக்கப் பாடுபட்டார். சண்முகலிங்கம் சோபாவில் இருந்து பார்த்துவிட்டு, "இந்த வேகத்தில போனால் நீதான் முதலில ஞானஸ்நானம் எடுப்பாய்" என்றார். அவருக்கு அன்று இரவுச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆதாரத்தையும் கண்டுபிடித்தது கமலாம்பிகைதான். பேனாட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. கராச்சிக்காரர், லீவு நாளில் மாட்டிறைச்சி வேகவைத்தால்தான் அவருக்கு லீவு. வெள்ளிக்கிழமை கமலாம்பிகைக்கு விரதம். பேஸ்மென்றில் கிளம்புகிற வாசனை ஹீற்றர் குழாய் வழியாக நேரே சாமி அறைக்குள் போய்ச் சேரும். ஒரு வருடமாக இதற்காக அவர் பேனாட்டுக்கு எழுதிய வட்ஸ்அப் செய்திகள் முப்பத்தொன்று. 'பேனாட் தம்பி, கந்தசஷ்டி தொடங்கியாச்சு, தயவுசெய்து மாடு வேண்டாம்.' 'பேனாட் தம்பி, இண்டைக்கும் மாடோ? முருகா.' 'பேனாட், இது கடைசித் தரம்.' கடைசித் தரம் என்று ஒன்பது தரம் எழுதியிருந்தார்.

"வேதம் ஓதுறவன் வெள்ளிக்கிழமையில மாடு காய்ச்சுவானே? கேட்டுச் சொல்லுங்கோ" என்று கீதனுக்குப் போன் செய்தார். முப்பத்தொரு செய்திகளும் சான்றளித்த மொழிபெயர்ப்போடு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, கோப்பில் ஏறின. ஸ்ரீநிதியும் விஷயம் கேள்விப்பட்டு, தவறு தன்னுடையதுதான், அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது என்று ஒளிவுமறைவில்லாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்கும் ஒரு மனம் வேண்டும்.

மார்ச் மாதக் கடைசியில் டவுன்டவுனில் விசாரணை. கமலாம்பிகை பட்டுச்சேலைக்கு மேல் பனிக்கோட்டுப் போட்டுக்கொண்டு, பஸ்ஸும் சப்வேயும் மாறிச் சாட்சி சொல்ல வந்தார். பேனாட்டின் நெற்றியைத் தன் கைலேஞ்சியால் ஒரு தடவை துடைத்தும் விட்டார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் சந்திரவதனா, யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர்.

"நீங்களும் கிறிஸ்தவரா?" என்று மெம்பர் கமலாம்பிகையிடம் கேட்டார்.

"சிவ சிவா! நான் சைவம்."

சந்திரவதனா நின்றார். "அன்ரி, சமயத்தைச் சொல்லுறியளோ, சாப்பாட்டைச் சொல்லுறியளோ?"

"ரெண்டும்தான் பிள்ளை. உந்த மனுசன் ரெண்டும் இல்லை. அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்."

மெம்பர் முப்பத்தொரு செய்திகளையும் வாசித்தார். பத்தொன்பதாவதில் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னார்.

பேனாட் தொடங்கினார். கமலாம்பிகை சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைத்தார். ஒன்பதாவதோடு பேனாட் நின்றுவிட்டார். கூரையைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஆறு வாரம் வெண்டைக்காய்க்கு முன்னால் மனப்பாடம் செய்தது, போயே போய்விட்டது.

"மன்னிக்கணும்மா. எனக்கு ஒன்பதுதான் தெரியுது" என்றார். "ஆனா என் கடைக்கு வந்தவங்கள்ல ஒருத்தன்கூட இதை என்னைக் கேக்கல."

சந்திரவதனா மொழிபெயர்த்து முடித்தார். மெம்பர் தாள்களைப் புரட்டினார். வந்து நின்ற இடம் அட்டைப்பெட்டி.

"பெட்டிக்குள் இருந்தீர்கள். தூக்கியவர்கள் கூட்டத்து ஆட்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குரல்ல தெரிஞ்சுதும்மா. ஒருத்தன் பக்கத்துக் கடை அஸ்லம். என் மகளுக்குத் தினமும் ஐஸ் குச்சி குடுப்பான்." பேனாட் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "வெளிய நின்னப்போ அவன்தான் 'வெட்டு, வெட்டு'ன்னு கத்திக்கிட்டு இருந்தான். பெட்டியைத் தூக்கும்போது மத்தவன்கிட்ட 'பாத்துப் பிடி, பாத்துப் பிடி, உள்ள அடிபட்டுடப் போகுது'ன்னான். படியில எறக்கும்போது ஒரு எடத்துலயும் இடிக்கல. அவ்வளவு பக்குவமாத் தூக்கினான்மா. உள்ள இருந்தது ஃபிரிட்ஜுன்னுதானே நெனச்சான்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். இரண்டரை வருடத்தில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. சந்திரவதனா மொழிபெயர்க்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முடித்தார். மெம்பர் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபது நிமிட இடைவேளை விட்டார். திரும்பி வந்து, விண்ணப்பம் ஏற்கப்படுகிறது என்று நின்றபடியே சொன்னார்.

கமலாம்பிகை முருகனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுப் பேனாட்டின் கன்னத்தைத் தடவினார். கீதன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தமிழ் வராமல், கட்டிப்பிடித்தார்.

வெளியே வெயில் அடித்தது. பாதையோரப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது. காலை பதினொன்றரை. கராச்சியில் இரவுச் சாப்பாட்டு நேரம். பேனாட் நடைபாதையில் நின்று போன் எடுத்தார். எடுத்தது ஏஞ்சலா. இப்போது அவளுக்குப் பதினொரு வயது.

"கெடைச்சிருச்சும்மா" என்றார். "அப்பாவுக்குக் கெடைச்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லு. நீங்க ரெண்டு பேரும் இங்க வரலாம்."

மறுமுனையில் கதவு சாத்துகிற ஓசை கேட்டது.

"அப்பா" என்றாள் பிள்ளை, மூச்சுக்காற்றில். "இங்க எனக்குச் சாதியான்னு பேரு. கனடாவுல என் பேரு என்ன?"

பேனாட்டுக்கு அவள் கேட்டது முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஏஞ்சலாதாம்மா!" என்றார் உரக்க. "உன் பேரு ஏஞ்சலா!"

"ஐயோ அப்பா, சத்தமாச் சொல்லாதீங்க. யாராச்சும் கேட்டுடப் போறாங்க."

தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. கோப்பி வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாட் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். போனை வாயோடு சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டு, அவளுடைய பெயரை மறுபடியும் மெதுவாகச் சொன்னார்.